வெள்ளை வண்டியின் மூக்கு

என் வாய் சும்மா இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே வந்திருக்காது. இங்கே மலேசியாவில், ஈப்போவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரொட்டி சானாய் கடையில், கார்க்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்த மேசையில், என் வெள்ளை வண்டியைப் பணயம் வைத்தவள் நான்தான். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

கார்க்காரர்கள் என்றால் கார் விற்கிறவர்கள் இல்லை. வேகமான வண்டியாகப் பார்த்து வாங்கி, அதைப் பிரித்து, மாட்டி, இன்னும் வேகமாக்கி, பிறகு அதைப் பற்றிப் பேசியே ஞாயிற்றுக்கிழமையைத் தீர்க்கிற ஆட்கள். லோரி ஓட்டுகிறவர், பல் மருத்துவர், தாமான் தாமானாக, அதாவது குடியிருப்புக் குடியிருப்பாகப் போய்த் தண்ணீர்க் குழாய் சரிசெய்கிறவர் என்று எங்கள் குழுவில் எல்லாரும் உண்டு. பெண் என்று நான் ஒருத்திதான். கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். நாள் முழுவதும் கையுறையில் ஓட்டை தேடித் தேடி, எதைக் கொடுத்தாலும் ஓட்டை தேடுகிற குணம் எனக்கு வந்துவிட்டது என்பார் என் கணவர். அவர் சமைத்த குழம்பையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

வண்டி ஜப்பானில் ஓடி, கப்பலேறி இங்கே வந்தது. சின்ன உடம்பு, மூன்று கதவு, நான்கு சக்கரத்துக்கும் இழுவை, உள்ளே டர்போ. டர்போ என்பது, எஞ்சின் தானாக இழுக்கும் காற்று போதாது என்று கூடுதல் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிற ஒரு விசிறி. என் சம்பளத்தில் வருஷக்கணக்காகச் சேர்த்து வாங்கியது. தங்கம் வாங்கியிருக்கலாமே என்று கேட்டவர்கள் நிறையப் பேர். தங்கத்தை மிதித்தால் பாயுமா என்று கேட்டேன், அதோடு விட்டுவிட்டார்கள்.

வீட்டுப் போர்ச்தான் என் பட்டறை. ஜாக் போட்டுத் தூக்கி, தாங்குகட்டை வைத்து, அட்டைப் பெட்டியை விரித்துக் கீழே படுத்தால் எனக்கு உலகம் மறந்துபோகும். எண்ணெய் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது, ஸ்பிரிங் மாற்றுவது எல்லாம் நானேதான் செய்வேன். எல்லாவற்றையும்விட எனக்குப் பெருமை, காற்றுக்கு நான் போட்ட வழி. முன் பம்பரில், நம்பர் பட்டைக்குப் பக்கத்தில், கை நுழைகிற அளவுக்கு ஒரு வாய் திறந்து, அங்கிருந்து குழாய் போட்டு, வெளிக்காற்று குளிர்ச்சியாக நேரே ஃபில்டருக்குப் போகும்படி செய்திருந்தேன்.

இந்த வேலையெல்லாம் நடக்கும்போது கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை சொல்வது என் மாமியின் வேலை. மாமி என்றால் என் கணவரின் அம்மா. அவர்கள் யாழ்ப்பாணத்து வழி. மாமி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். கல்யாணத்தின்போது இரண்டு பக்கமும் கொஞ்சம் முகம் சுளித்தார்கள், பிறகு சாப்பாடு நன்றாக இருந்ததால் சமாதானமாகிவிட்டார்கள். மாமிக்கு நான் சலித்துப்போகாத பாடப்புத்தகம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் திருத்துவதற்கு ஏதாவது கிடைக்கும்.

“பிள்ளை, உந்தச் சத்தம் என்ன சத்தம்? ஆரோ கதவை உடைக்கிற மாதிரிக் கிடக்கு.”

“எக்ஸாஸ்ட் மாமி. அப்படித்தான் இருக்கும்.”

“பொம்பிளைப் பிள்ளை எண்ணெய்க்குள்ள கிடக்கிறாய். அது சரி, உதென்ன ஓட்டை? ஏன் வண்டியில ஓட்டை போட்டனீ?”

“இதுதான் மாமி இதுக்கு மூக்கு. இது வழியாத்தான் மூச்சு இழுக்கும்.”

மாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். “அப்ப இதுக்குத் தடிமன் பிடிக்குமோ?”

தடிமன் என்று அவர்கள் சொல்வது ஜலதோஷத்தை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பிடிக்கும் மாமி. தூசி போனா தும்மும்” என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு மறுபடியும் கீழே போய்விட்டேன். ஆசிரியையிடம் விளையாட்டுக்குச் சொன்னாலும் அவர் பாடமாகத்தான் எடுத்துக்கொள்வார் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

சரி, பந்தயத்துக்கு வருகிறேன். எங்கள் குழு அவ்வப்போது, அடைத்த நேர்ச் சாலையில் இரண்டிரண்டு வண்டியாக ஓடவிடும் போட்டிக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். எங்கள் குழுவில் கறுப்பு வண்டி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் உண்டு. கூரை போடும் காண்ட்ராக்டர். ஆள் தங்கமானவர்தான். ஆனால் என் வண்டி மேல் அவருக்கு ஒரு கண். பார்க்கும்போதெல்லாம் கேட்பார், கெட்டுப்போன பழத்தை வாங்கிக்கொள்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அன்று அந்த ரொட்டி சானாய் மேசையிலும் கேட்டார்.

“தங்கச்சி, வண்டிய எனக்குக் குடுத்துடுலா. நல்ல விலைக்கே எடுத்துக்கிறேன். உன் கையில சும்மா வேஸ்ட்டா போவுது.”

“என் கைக்கு என்னண்ணே?”

“கைக்கு ஒண்ணும் இல்ல. இது பாசாருக்குப் போயி கீரை வாங்குற வண்டியா, சொல்லு?”

மேசை முழுக்கச் சிரித்தது. பல் மருத்துவருக்குக் குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் டீ மூக்கில் ஏறியது. கீரை வாங்கப் போனது உண்மைதான், அதனால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. எனக்குக் கோபம் வந்தால் மூளை போர்ச்சில் நின்றுவிடும், வாய் மட்டும் ரோட்டுக்கு வந்துவிடும்.

“வர்ற ஸ்பிரிண்ட்ல உங்க கறுப்பு வண்டிய நான் முந்தலேன்னா, சாவிய உங்க கையிலயே வச்சிடுறேன். நீங்க கேட்ட விலைக்கே எடுத்துக்குங்க. முந்திட்டேன்னா இனிமே இந்த வண்டியப் பத்திப் பேசக் கூடாது.”

“பேச்சு மாற மாட்டியே?”

“மாற மாட்டேன். எல்லாரும் சாட்சி.”

அவர் கையை நீட்டினார், நானும் பிடித்துக் குலுக்கினேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “ஆழம் தெரியாம காலை விட்டுட்டியே” என்று மட்டும் சொன்னார். வண்டியின் ஆழம் எனக்குத் தெரியும் என்றேன். உண்மையாகவே தெரியும். அந்த வாரம் வரையில் அந்த வண்டி கறுப்பு வண்டிக்குச் சளைத்ததில்லை.

அந்த வாரத்துக்குப் பிறகுதான் எல்லாம் மாறியது. கோப்பெங் போகும் சாலையில் ஒரு மணல் லோரியை முந்தப் போனேன். வழக்கமாக மிதித்தால் கழுத்து இருக்கையில் ஒட்டும். அன்று வண்டி யோசித்தது. யோசித்து, ஒரு தரம் தும்மி, அப்புறம் கிளம்பியது. பெட்ரோல் சரியில்லை என்று நினைத்து வேறு நிலையத்தில் நிரப்பினேன். அடுத்த நாள் இன்னும் மோசம். வாரக் கடைசியில் எங்கள் தாமான் முனையில் இருக்கும் மேட்டில் ஏறவே சலித்துக்கொண்டது. ஒரு பள்ளிக்கூட வேன் என்னை முந்திக்கொண்டு போனது. உள்ளே இருந்த பிள்ளைகள் கை காட்டினார்கள். நானும் காட்டினேன், வேறென்ன செய்வது?

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். லோரிக்காரர் பிளக் என்றார், பிளக்கை மாற்றினேன். பல் மருத்துவர் பெட்ரோல் பம்ப் என்றார். அழுத்தம் அளந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் நான் உதிரிப்பாகம் வாங்கும் சீனத் தவுக்கேயிடம், அந்தக் கடை முதலாளியிடம், ஓட்டிக்கொண்டு போனேன். அவர் எஞ்சினை முறுக்கவிட்டு, காதை வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கினார். “டர்போ சுடா ஹாபிஸ்லா, அக்கா” என்றார். டர்போ முடிந்துவிட்டதாம். புதிதாகத் தருவித்துப் போட ஸ்பிரிண்டுக்கு முன்னால் நேரமில்லை. கடையை விட்டு வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். அழுவது எனக்குப் பிடிக்காத வேலை, அதனால் சீக்கிரமாகவே முடித்துக்கொண்டேன்.

செய்தி பரவிவிட்டது. கறுப்பு வண்டி அண்ணன் கூப்பிட்டார்.

“தங்கச்சி, வண்டிக்கு முடியலேன்னு கேள்விப்பட்டேன். பரவால்லலா. ஓடாமலே சாவிய குடுத்துடு. அத்தன பேரு முன்னாடி தோத்து என்ன ஆகப் போவுது? நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். கேலி செய்திருந்தால்கூட தாங்கியிருப்பேன். அந்தக் கரிசனத்தைத்தான் தாங்க முடியவில்லை. “ஓடித்தான்ணே குடுப்பேன்” என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்த வண்டி போனால் நான் பிழைத்துக்கொள்வேன், கீரை வாங்க வேறு வண்டி கிடைக்கும். ஆனால் நானே சேர்த்து, நானே தேர்ந்தெடுத்து, நானே படுத்துப் புரண்டு வேலை செய்த பொருள் என்று என் வாழ்க்கையில் இருந்தது அது ஒன்றுதான். அதை என் வாயாலேயே தொலைத்துவிட்டேன் என்று இருந்தது.

ஸ்பிரிண்டுக்கு முந்தின சனிக்கிழமை, மத்தியானம் மழை. போர்ச்சில் உட்கார்ந்து, வண்டியின் கணினியோடு பேசும் சின்னக் கருவியைச் செருகி, எஞ்சினை ஓடவிட்டு, போனில் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கடி பார்க்கிறவளுக்கு அந்த எண்கள் பிள்ளைகளின் பிறந்தநாள் மாதிரி மனதில் நிற்கும். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று காட்டும் எண் மட்டும் வழக்கத்தைவிட மிகவும் குறைவாக இருந்தது. டர்போ செத்திருந்தால் சும்மா நிற்கும்போது இப்படிக் குறைய நியாயமில்லை. ஒன்று, காற்று குறைவாகப் போகிறது. இல்லையென்றால் காற்றை அளக்கும் சென்சர் பொய் சொல்கிறது. சென்சர் காற்று குறைவு என்று சொன்னால், அதை நம்பி எஞ்சின் பெட்ரோலையும் குறைத்துவிடும். நான்கு பேர் சாப்பாட்டுக்கு இரண்டு பேர் அரிசி போட்ட கதைதான்.

ஃபில்டரைக் கழற்றினேன். முன்பக்கம் பழுப்பாக, ஒட்டும் பதத்தில் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன்.

கோயில் வாசம்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுபடியும் முகர்ந்தேன். அசல் சாம்பிராணி. சென்சரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். பளபளவென்று இருக்க வேண்டிய மெல்லிய கம்பியின் மேல் பிசின் படிந்திருந்தது. இது எப்படி, எங்கிருந்து? உடனே துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் தொழிற்சாலையில் ஓட்டை விழுந்த கையுறையைப் பார்த்தால் அதைத் தூக்கிப் போடுவதோடு எங்கள் வேலை முடியாது. ஓட்டை போட்டது எது என்று கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கையுறையும் ஓட்டைதான். எல்லாவற்றையும் இருந்தபடியே மாட்டினேன்.

இங்கே எங்கள் கூட்டத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டர்போ வண்டியை ஓட்டி வந்ததும் அணைக்கக் கூடாது. சூடு தணிய, கொஞ்ச நேரம் சும்மா உறுமவிட்டுத்தான் அணைக்க வேண்டும் என்பார்கள். இப்போது வரும் வண்டிகளுக்கு அது அவ்வளவாகத் தேவையில்லை. ஆனாலும் நாங்கள் விடுவதில்லை, பக்தி மாதிரி. நானும் தினமும் வேலை விட்டு வந்ததும் கேட்டைச் சாத்தி, எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் அணைப்பேன்.

அன்று மழை விட்ட பிறகு தாமானை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். வழக்கம்போல் எஞ்சினை ஓடவிட்டேன். வழக்கம்போல் உள்ளே போனேன். ஆனால் முகம் கழுவவில்லை. ஹாலில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன்.

மாமி வந்தார். கையில் தூபக்கால், அதில் தணல். வண்டியைச் சுற்றி ஒரு வலம் வந்தார். பிறகு, முழங்கால் வலி உள்ளவர், ஒரு கையால் பானெட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, நான் போட்டிருந்த அந்த ஓட்டைக்கு நேராகத் தூபக்காலைப் பிடித்தார். ஒரு சிட்டிகை சாம்பிராணித் தூளைப் போட்டு, மடித்த செய்தித்தாளால் விசிறினார். புகை குபுகுபுவென்று எழுந்தது. மேலே போகவில்லை. அப்படியே வளைந்து, ஒரு நூல் விடாமல், என் வண்டியின் மூக்குக்குள் போனது.

“இழு மோனை” என்றார் மாமி, பிள்ளையைக் கொஞ்சுகிற குரலில். “நல்லா இழு. இன்னும் கொஞ்சம்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் திரைச்சீலை கிழியாமல் இருந்தது ஆச்சரியம். தடதடவென்று வெளியே போனேன்.

“மாமி, என்ன செய்றீங்க?”

“சத்தம் போடாதை. மருந்து குடிக்குது.”

“என்ன மருந்து?”

“நீ தானே சொன்னனீ, இதுதான் மூக்கெண்டு. தும்முது, இழுக்குதில்லை எண்டு நீ இவ்வளவு நாளா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரியிறாய். தடிமனுக்குச் சாம்பிராணியை விட வேற என்ன மருந்து? உன்ர புருசனைச் சின்னனில இதை வச்சுத்தான் வளர்த்தனான். பார், எப்பிடி இழுக்குதெண்டு. சாமிப் படத்துக்குக் காட்டினாலும் புகை இப்பிடிப் போறேல்லை.”

நான் கையை நீட்டி எஞ்சினை அணைத்தேன். குரலைக் கஷ்டப்பட்டு இறக்கினேன். “எப்ப இருந்து மாமி?”

“முந்தி வெள்ளிக்கிழமையில வீட்டுக்குக் காட்டேக்குள்ள வண்டிக்கும் சும்மா ஒரு சுத்து. நீ அந்தாளோட பந்தயம் பிடிச்சனியெண்டு என்ர மகன் வந்து சொன்ன நாள் துவக்கம் ஒவ்வொரு நாளும் மூக்கில காட்டுறன். தும்மல் கூடினாப் பிறகு சாம்பிராணியையும் கூட்டிப் போட்டனான்.”

வண்டி படுக்கப் படுக்க மருந்து கூடியிருக்கிறது. மருந்து கூடக் கூட வண்டி படுத்திருக்கிறது.

“உங்களுக்குத்தான் இந்த வண்டியப் பிடிக்காதே மாமி?”

மாமி நிமிர்ந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “பிடிக்காதுதான். அதுக்காக என்ர மருமகள் உழைச்சு வாங்கின வண்டியை ஆரோ ஒருத்தன் கொண்டுபோக நான் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?”

இத்தனை வருஷமாக, நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை மட்டும் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். குனிந்தால் நிமிர முடியாதவர், நான் முகம் கழுவப் போகும் நேரம் பார்த்து, தணல் தயார் செய்து, தினம் தினம் என் வண்டிக்காகக் குனிந்திருக்கிறார். நான் அழாமல் இருந்தது, பாதி சிரிப்பும் சேர்ந்து வந்ததால்தான்.

“மாமி, ஓடி வந்த உடனே அதுக்கு மூச்சு வாங்கும். அப்ப மருந்து குடுத்தா புரையேறிடும். நான் அணைச்ச பிறகு காட்டுங்க. தூர நின்னு காட்டினாலே போதும்.”

“அதை முதலே சொல்லியிருக்கலாமே” என்றார் மாமி, தவறு என்னுடையது என்று முடிவு கட்டி.

பிறகு நடந்ததெல்லாம் இனிப்பான வேலை. நட்சத்திரத் தலை திருகாணியைக் கழற்றிச் சென்சரை வெளியே எடுத்து, அதற்கென்றே விற்கும் மருந்தைத் தெளித்தேன். விரல் படக் கூடாது, துணி படக் கூடாது. தெளிக்க வேண்டும், காய விட வேண்டும், மறுபடியும் தெளிக்க வேண்டும். பழுப்பு நீர் சொட்டியது. ஃபில்டரைச் சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவியதில் எங்கள் வீட்டுச் சாக்கடையே மணத்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டார். பெரிய விசேஷம் என்றேன்.

கணவரிடம் சொன்னபோது சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு, “அம்மாகிட்ட சொல்லிடாத, பாவம்” என்றார். சொல்லவில்லை. மாமிக்குத் தமிழ் வாசிக்கிறபோது கண்ணாடி தேட வேண்டும், அதனால் இதையும் வாசிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

ஞாயிறு விடியலில் எஞ்சினைக் கிளப்பி எண்ணைப் பார்த்தேன். பழைய எண், அப்படியே. கோப்பெங் சாலைக்கு எடுத்துப் போய், வண்டியில்லாத இடமாகப் பார்த்து ஒரு மிதி மிதித்தேன். கழுத்து இருக்கையில் ஒட்டியது. தனியாக உட்கார்ந்து கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

ஸ்பிரிண்ட் நடந்த இடம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். வீடமைப்பு நிறுவனம் ஒன்று அதை வாங்கி, மரங்களை அழித்து, நடுவில் நேராக ஓர் அகலச் சாலையும் விளக்குக் கம்பங்களும் போட்டுவிட்டு, வீடு கட்டாமலே நின்றுவிட்டது. எங்கள் குழு அனுமதி வாங்கி, இரண்டு முனையையும் அடைத்து, ஆம்புலன்ஸ் நிறுத்தி, அங்கே வண்டி ஓட்டும். நான் பிறந்த தோட்டமும் அதுதான். ஏக்கமெல்லாம் ஒன்றும் கிடையாது. கூரை ஒழுகிய இடத்தை நினைத்து யார் ஏங்குவார்கள்? ஆனால் ஒன்று மட்டும் மறக்கவில்லை. அதே இடத்தில் அப்போது செம்மண் ரோடு. பெரிய துரையின் கார் வந்தால், பள்ளிக்கூடம் போகிற நாங்கள் எல்லாரும் ஓரத்து மழைநீர்க் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். கார் போனதும் செம்மண் தூசி வெள்ளைச் சட்டையில் படியும். வீட்டுக்குப் போனால் அடி துரைக்கு இல்லை, எனக்கு.

மாமியும் வந்திருந்தார், குடை, மடக்கு நாற்காலி, ஒரு பை தேசிக்காயோடு. தேசிக்காய் என்பது எலுமிச்சம்பழம். நான்கு சக்கரத்துக்கும் கீழே ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, “இப்ப போ” என்றார். தொடக்கக் கோட்டுக்கு நான் நான்கையும் நசுக்கிக்கொண்டு போனேன்.

பக்கத்தில் கறுப்பு வண்டி. அண்ணன் கண்ணாடியை இறக்கிக் கை காட்டினார். என் வண்டி இன்னும் படுத்துக் கிடக்கிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது. சாவியில் தொங்கிய சின்ன வளையத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், கடைசித் தடவையோ என்று.

கொடி இறங்கியது. அவர் வண்டிக்கு என்னைவிடப் பலம் அதிகம், ஆனால் முன் சக்கரம் இரண்டுதான் இழுக்கும். அவை புகையைக் கிளப்பிச் சுழன்றுகொண்டிருந்தபோது என் நான்கு சக்கரமும் தாரைக் கவ்விக்கொண்டு கிளம்பிவிட்டன. முதல் விளக்குக் கம்பத்தில் அவர் என் கண்ணாடியில் இருந்தார். பாதியில் என் கதவருகே வந்துவிட்டார். அவருடைய எஞ்சின் சத்தம் என் காதுக்குள் ஏறியது. நான் காலை எடுக்கவில்லை. கான் இருந்த இடம், நாங்கள் இறங்கி நின்ற இடம், எல்லாம் ஒரு கோடாக ஓடிப் போனது. தும்மல் இல்லை, யோசனை இல்லை. வண்டி மூச்சை இழுத்து இழுத்துப் பாய்ந்தது. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது யார் முன்னால் என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பி வந்தபோது லோரிக்காரர் நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். “அக்கா! வெள்ள வண்டி! மூக்களவுக்கு வெள்ள வண்டிதான்லா!”

இறங்கினேன். கூட்டம் சூழ்ந்துகொண்டது. கணவர் என்னைத் தூக்கப் பார்த்து, இடுப்புப் பிடித்துக்கொண்டு இறக்கிவிட்டார். மாமி குடையை உயர்த்திப் பிடித்து, வகுப்பில் முதல் வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் எனக்கு நெஞ்சு வலித்தது. அந்த ரோட்டில் அன்று யாருக்காகவும் நான் ஓரம் போகவில்லை.

கறுப்பு வண்டி அண்ணன் வந்தார். தோற்றவரின் கோணல் முகம் இல்லை. கையை நீட்டினார். “ஒத்துக்கிறேன் தங்கச்சி. இனிமே இந்த வண்டியப் பத்திப் பேச மாட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. டர்போ செத்துப் போச்சுன்னு சொன்னாங்க. எந்தப் பட்டறையில காட்டுன?”

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார்.

“பட்டறையில இல்லை. வீட்டில. சாம்பிராணி காட்டினது நான்தான், மூக்கில.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அவரும் தோட்டத்திலிருந்து வந்தவர்தான். இந்த மாதிரி விஷயங்களில் சிரிக்கக் கூடாது என்று தெரிந்தவர். மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்து, வண்டியை அணைத்து, பானெட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன். கேட்டுக்கு வெளியே கறுப்பு வண்டி வந்து நின்றது. அண்ணன் வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு இறங்கினார். கையில் ஒரு பொட்டலம் சாம்பிராணி. டர்போக்காரர்கள் வழக்கப்படி எஞ்சினை ஓடவிட்டிருந்தார்.

“அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன் தங்கச்சி. என் வண்டிக்கும் ஒரு தடவ காட்டுறேன்னாங்க.”

உள்ளேயிருந்து மாமி தூபக்காலோடு வந்தார். வெற்றி பெற்ற மருத்துவரின் நடை. கறுப்பு வண்டியை ஒரு வலம் வந்து, “இதுக்கு மூக்கு எங்க?” என்று கேட்டார். அண்ணன் பம்பரைக் காட்டினார், என்னுடையதைவிடப் பெரிய ஓட்டை. மாமி பானெட்டைப் பிடித்துக்கொண்டு குனிய ஆரம்பித்தார்.

நான் சும்மா நின்றிருக்கலாம். பேசாமல் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தால், அடுத்த ஸ்பிரிண்டும் எனக்குத்தான். அந்த நினைப்பு இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் நன்றாக ஓடுகிற வண்டியை முந்தியதுதானே என் சந்தோஷம்.

“மாமி, ஒரு நிமிஷம். அண்ணே, முதல்ல சாவிய குடுங்க.”

“எதுக்கு?”

“குடுங்கலா.”

அவர் எட்டி எஞ்சினை அணைத்து, சாவியை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். வண்டி அடங்கியது. மாமி சாம்பிராணியைப் போட்டு விசிறினார். புகை மூக்குக்குள் போகாமல், நேராக மேலே எழுந்து தெருவில் கலைந்தது. அது முழுதாக அடங்குகிற வரைக்கும் கறுப்பு வண்டியின் சாவியை நான் கையிலேயே வைத்திருந்தேன்.